புதுப்பிப்பு: டிரம்மில் ஒட்டிக்கொண்ட கலவை

நானே செய்த கலவை மெஷினில் கான்கிரீட் சுமாராக வருகிறது, பூச்சுக் கலவை மட்டும் உருண்டை உருண்டையாகத் திரண்டு டிரம்மோடு ஒட்டிக்கொள்கிறது என்று முன்பு புலம்பியிருந்தேன். பாதிக் காரணம் வேகம். வேறொன்றுமில்லை, கணக்குப் போடாமல் கையில் கிடைத்த கப்பியை (பெல்ட் ஓடும் சக்கரத்தை) மாட்டியதுதான்.

உருளையின் உட்சுவரில் இருக்கும் பொருள் கீழே விழாமல் கூடவே சுற்ற ஆரம்பிக்கும் வேகம், நிமிடத்துக்கு ஏறக்குறைய 42.3 சுற்றை மீட்டரில் அளந்த விட்டத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும். என் டிரம் 0.7 மீட்டர், அப்படியென்றால் சுமார் 50 சுற்று. நான் ஓட்டியதோ அதை நெருங்கி 45! கலவை மேலே ஏறி விழுந்தால்தானே கலக்கும், இங்கே அது பெரும்பாலும் சுவரோடு சேர்ந்து சவாரி போயிருக்கிறது. மோட்டார் பக்கம் சின்னக் கப்பி மாற்றி 26 சுற்றுக்கு இறக்கினேன், கான்கிரீட் இப்போது அருமை.

பூச்சுக் கலவை? கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். கான்கிரீட்டில் ஜல்லியே விழுந்து உருண்டு கட்டிகளை உடைத்துவிடும், வெறும் மணலுக்கும் சிமெண்டுக்கும் அந்த உதவி இல்லை. முதலில் கொஞ்சம் தண்ணீர், பிறகு பாதி மணல், அப்புறம் சிமெண்ட் என்று போட்டால் ஒட்டுவது குறைகிறது. ஆனாலும் பூச்சுக்கு, தொட்டி அசையாமல் நிற்க நடுத்தண்டில் உள்ள துடுப்புகள் சுவரை வழித்துக்கொண்டே சுற்றும் வகைதான் சரி. தகரம் வெட்டியாகிவிட்டது, துடுப்புக்கும் சுவருக்கும் நடுவே கல் சிக்காமல் இருக்க, துடுப்பு ஓரத்தில் ரப்பர் பட்டை வைத்துப் பார்க்கப் போகிறேன்.