தசைநாரா, தசைநாணா, ஜவ்வா? எலும்புப் பாடத்திற்கு இரண்டு சொற்கள் வேண்டும்

தாராவியிலிருந்து, வகுப்பு எடுப்பவர்:

அன்புடையீர், வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்புக்காக, எலும்பும் தசையும் பற்றிய எட்டுப் பக்கப் பாடத்தாள் ஒன்றை எழுதி வருகிறேன். வியாழக்கிழமை மாலைக்குள் அதை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். வளர்ந்தவர் உடலில் 206 எலும்புகள் உள்ளன, எலும்புத்தசைகள் 600க்கும் மேல், தோளில் இருப்பது பந்துக்கிண்ண மூட்டு, முழங்கையில் இருப்பது கீல் மூட்டு என்பதையெல்லாம் தடையின்றி எழுதிவிட்டேன். தசையை எலும்போடு சேர்க்கும் வெண்ணிறப் பொருளுக்கும், எலும்பை எலும்போடு சேர்க்கும் பொருளுக்கும் பெயர் எழுத வேண்டிய இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது. என் மேசையில் உள்ள இரண்டு நூல்களில் ஒன்று முதலாவதைத் தசைநார் என்கிறது. மற்றொன்று இரண்டாவதைத் தசைநார் என்கிறது.

சென்ற வாரம் கோழிக்கடையில் கால்களை வாங்கி வந்து, வெட்டுவாயில் தெரிந்த வெள்ளை இழையை இடுக்கியால் பற்றி இழுத்துக் காட்டினேன். உயிரற்ற அந்தக் காலின் விரல்கள் மெல்ல மடங்கியபோது வகுப்பே மூச்சடங்கிப் பார்த்தது. ஒரு சிறுமி அதை நரம்பு என்றாள். மராத்திப் பள்ளியில் படிக்கும் சிறுவன் ஸ்நாயு என்றான். மராத்தியில் ஸ்நாயு என்பது தசை; இந்திப் பாடநூலிலோ அதே சொல் எலும்புகளைப் பிணைப்பதைக் குறிக்கிறது. இரண்டு மொழிகளுக்கு நடுவே வளரும் இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழிலாவது ஐயமற்ற இரண்டு சொற்களைக் கொடுக்க விரும்புகிறேன்.

மாட்டுங்காவிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, தொகையை விரித்துப் பார்த்தால் குழப்பத்தின் வேர் தெரிந்துவிடும். தசைநார் என்பது இயல்பாகத் ‘தசையினது நார்’ என்றே விரியும். அது தசைக்குள் இருக்கும் இழையைத்தான் குறிக்கும். எலும்பும் எலும்பும் சேரும் இடத்தில் அந்த இணைப்பில் தசை என்பதே இல்லாதபோது, அதற்குத் தசைநார் என்று பெயரிடுவது பொருளுக்கும் பொருந்தாது, இலக்கணத்திற்கும் பொருந்தாது. தசையை எலும்போடு சேர்ப்பதற்குத் தசைநாண் என்ற சொல் ஏற்கெனவே பாடநூல்களில் வழங்குகிறது. வில்லின் நாண் எப்படித் தன்னிடம் விசையேதும் இல்லாமல், இழுப்பவன் கையின் விசையை வில்லுக்குக் கொண்டு சேர்க்கிறதோ, அப்படியே இதுவும் தானாகச் சுருங்காமல் தசையின் இழுப்பை எலும்புக்குக் கொண்டு சேர்க்கிறது. தாங்கள் கோழிக்காலில் காட்டியது இதைத்தானே?

மற்றதற்குப் பிணைநார் என்று வைக்கலாம். அது வினைத்தொகை: பிணைத்த நார், பிணைக்கின்ற நார், பிணைக்கும் நார் என மூன்று காலத்திற்கும் பொருந்தும். ஓயாமல் ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கும் ஓர் உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான தொகை எனக்குத் தோன்றவில்லை. எலும்புநார் என்று சொல்லலாம் என்றும் முதலில் எண்ணினேன்; ஆனால் எலும்பால் ஆகிய நார் என்று மாணவர் மயங்குவர்.

செம்பூரிலிருந்து, இயன்முறை மருத்துவர்:

ஐயா சொல்வது இலக்கணப்படி சரியாக இருக்கலாம். ஆனால் என்னிடம் முழங்கால் வீங்கி வரும் தமிழர் ஒருவராவது பிணைநார் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கபடி ஆடி விழுந்த இளைஞரும், மாடிப்படியில் சறுக்கிய அம்மாவும் ஒரே குரலில் ‘ஜவ்வு கிழிஞ்சிடுச்சு’ என்றுதான் சொல்கிறார்கள். தொடை எலும்பும் கணைக்கால் எலும்பும் ஒன்றன்மேல் ஒன்று நழுவாமல் முழங்காலுக்குள் குறுக்காகப் பிடித்திருக்கும் அந்தப் பட்டைக்கு மக்கள் வைத்த பெயர் அதுதான். நாளை இந்த மாணவி தன் பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது மருத்துவர் சொல்வதைப் பாட்டிக்கு விளக்க வேண்டியவள் அவளே. அவளுக்குப் பாட்டியின் சொல் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

முலுண்டிலிருந்து, சொல்லாய்வில் ஈடுபாடுள்ளவர்:

ஜவ்வு என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். சவ்வு என்பதே சொல். அதுவும் செல் சவ்வு முதலான மெல்லிய படலங்களுக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது. கயிறுபோல் முறுகியிருக்கும் உறுப்புக்குப் படலத்தின் பெயரைச் சூட்டலாகாது.

நாண் என்பதன் பழைய வடிவம் ஞாண். அரைஞாணில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஊர்ப்பேச்சில் அரணாக்கயிறு என்று உருமாறி நம் குழந்தைகளின் இடுப்பில் கிடக்கிறது. ஞண்டு நண்டானது போலவும், தொங்குதலைக் குறித்த ஞாலுதல் நாலுதல் ஆனது போலவும் ஞாண் நாணாயிற்று. நாண் என்றால் வெட்கம் என்றும் பொருள் இருப்பதால், தசைஞாண் என்று எழுதினால் மயக்கம் நீங்கும் என்பது என் கருத்து. நாரும் எளிய சொல் அன்று. பூத்தொடுக்கும் வாழைநாரைக் குறிக்கும் அதே சொல் சங்கப் பாடல்களில் அன்பையும் குறிக்கிறது. பிணைப்பது எதுவோ அதுவே நார் என்று நம் முன்னோர் கண்டனர்.

அச்சிறுமி நரம்பு என்றதும் பிழையன்று. யாழில் கட்டியதும் நரம்பு, இலையில் ஓடுவதும் நரம்பு, ஊசி குத்துவதற்குக் கையில் தேடுவதும் நரம்பு. நீண்டு, மெலிந்து, இழுத்துக் கட்டப்பட்ட எதையும் குறிக்க வந்த அந்தச் சொல்லை மூளையின் செய்தி ஓடும் இழைக்கு மட்டும் உரியதாக்கியது நம் காலத்துப் பாடநூல்கள்தாம். தசைநாணுக்கு நரம்பு என்ற பெயரை மீட்டுக் கொடுத்துவிட்டு, மூளையின் இழைக்கு வேறு சொல் தேடலாம் என்று கருதுகிறேன்.

மாட்டுங்காவிலிருந்து:

நண்பரின் சொல்லாய்வை மதிக்கிறேன். ஆயினும் நரம்பியல் என்று ஒரு துறையே நிலைபெற்றபின் அந்தச் சொல்லைப் பெயர்த்தெடுக்க முடியாது. ஞாண் என்று எழுதினால், மாணவர் அகரமுதலியில் தேடுவார்களே தவிர, கோழிக்காலை நினைக்கமாட்டார்கள். இணையம் என்று வைக்கலாமே என ஓர் அன்பர் தனிமடலில் கேட்டார். இணைப்பது இணையம் என்பது அழகான ஆக்கம்தான். ஆனால் இன்று முழங்காலில் இணையம் அறுந்தது என்று எழுதினால் படிப்பவர் கைப்பேசியைத்தான் பார்ப்பார்.

தாராவியிலிருந்து:

நாளை வியாழக்கிழமை என்பதால் இதுவரை வந்த மடல்களை எண்ணிப் பார்த்தேன். தசைநாண் என்பதற்குப் பெரும்பான்மை ஆதரவு இருக்கிறது. பிணைநாருக்கு ஆதரவு சற்றே குறைவு. எனினும் எதிராக நின்ற சொற்களுள் எதற்கும் அவ்வளவு கூட இல்லை. எனவே இவ்விரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். செம்பூர் மருத்துவர் சொன்னது மனத்தில் தைத்ததால், பிணைநார் முதன்முதலாக வரும் வரியிலேயே ‘வீட்டில் இதை ஜவ்வு என்பார்கள்’ என்று முழு வாக்கியமாக எழுதியிருக்கிறேன். தசைநார் என்ற சொல்லை எட்டுப் பக்கத்திலும் எங்கும் பயன்படுத்தவில்லை. தசையின் உள்ளிழையைத் தசையிழை என்று எழுதிவிட்டேன்.

செம்பூரிலிருந்து:

அந்த ஒரு வாக்கியத்திற்கு நன்றி, அம்மா. ஆனால் உங்கள் படத்தில் ஓர் இடம் இன்னும் தீரவில்லை. தொடையின் முன்பக்கத் தசையிலிருந்து இறங்கும் தசைநாண் முழங்காற்சில்லைப் பொதிந்துகொண்டு கீழே கணைக்கால் எலும்புவரை செல்கிறது. சில்லுக்கு மேலே அது தசையை எலும்போடு சேர்ப்பதால் தசைநாண் என்று எழுதிவிடலாம். சில்லுக்குக் கீழே அது எலும்பிலிருந்து எலும்புக்குப் போகிறது. உங்கள் வரையறைப்படி பிணைநார். ஆனால் அதன் வழியாகத்தான் தொடைத்தசை காலை நீட்டுகிறது. வேலையைப் பார்த்தால் நாண். ஆங்கில மருத்துவ நூல்களிலும் இரண்டு பெயரும் வழங்குகின்றன. ஒரே கயிற்றுக்கு நடுவில் பெயர் மாறுமா என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்?

தாராவியிலிருந்து:

தெரியவில்லை, ஐயா. அச்சகத்தார் காலை பத்து மணிக்கு வருகிறார். சில்லுக்குக் கீழே உள்ள அம்புக்குறியை மட்டும் பெயர் எழுதாமல் கோடிட்டு விட்டிருக்கிறேன். ஞாயிறன்று பிள்ளைகளிடமே கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.

முலுண்டிலிருந்து:

அந்தக் கோட்டில் ஞாண் என்று எழுத இப்போதும் இடமிருக்கிறது.