வள்ளி கும்மி வீடியோவை ஃபிரேம் பிசகாமல் வெட்டுவது எப்படிங்க?

வணக்கங்க. கோபிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் நடந்த வள்ளி கும்மி அரங்கேற்றம், 2 மணி நேர எச்.264 (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் ஒரு முறை) கோப்பாக என்னிடம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் பார்த்துப் பழக, ஒவ்வொரு பாட்டிலும் முதல் கைதட்டு விழும் ஃபிரேமிலேயே வெட்ட வேண்டும், ஆனால் டைம்லைனை இழுத்தால் சில நொடி தள்ளிப்போய் நிற்கிறது, பின்னோக்கி இழுத்தால் திக்கித் திணறுகிறது. முழுப் படம் கீஃபிரேமில் மட்டும்தான், நடுவில் இருப்பவை மாற்றங்களை மட்டுமே வைத்திருப்பதால் முந்தைய கீஃபிரேமிலிருந்து வரிசையாக விரித்துக்கொண்டே வர வேண்டும், அது புரிகிறது. இதில் 250 ஃபிரேமுக்கு ஒரு கீஃபிரேம், அதாவது நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் 10 நொடிக்கு ஒன்று! ப்ராக்ஸி (வெட்டும்போது மட்டும் பயன்படுத்தும் இலகுவான நகல்) போட்டு வெட்டலாமா, இல்லை எல்லா ஃபிரேமையும் கீஃபிரேமாக மாற்றிவிடலாமா? கோப்பு பெருத்தாலும் பரவாயில்லை, தரம் குறையக் கூடாது. எஃப்எஃப்எம்பெக் (வீடியோவை மாற்றவும் வெட்டவும் உதவும் மென்பொருள்) தெரிந்த அண்ணன்மார், அக்காமார் கொஞ்சம் சொல்லுங்க.