கன்சைன்மென்ட் கணக்கு: ஏஜென்ட் பாக்கி 7,500 இடிக்குது, அவசரம்

மைக்கறை
வணக்கம். கன்சைன்மென்ட் (சரக்கை ஏஜென்ட்டுக்கு அனுப்பி, அவர் மூலமா கமிஷனுக்கு விக்கிறது) கணக்கு முடிச்சு நாளைக்குள்ள கொடுத்தாகணும். ரொக்க விற்பனை 2,25,000, கடன் விற்பனை 1,44,000. செலவு, கமிஷன் எல்லாம் கழிச்சா எனக்கு பாக்கி 2,22,670 வருது. அவங்க சொல்றது 2,30,170. வித்தியாசம் 7,500. கூட்டல் திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன், சரியாத்தான் இருக்கு. எங்க தப்பு இருக்கும்?

சிட்டா
நீங்க சரக்கு அனுப்பினவங்களா, வாங்கி வித்துக் கொடுக்கிறவங்களா? அது தெரியாம யார் யாருக்குத் தரணும்னே புரியல. "அவங்க"ன்னா யாரு?

கூட்டிக்கழி
7,500-ல பாதி 3,750. உங்க புத்தகத்துல எங்கயாவது 3,750-ன்னு ஒரு தொகை இருக்கா? பற்று வைக்க வேண்டியதை வரவு வெச்சிருந்தா வித்தியாசம் ரெட்டிப்பா வரும். எப்பவும் முதல்ல பாதியைத் தேடணும்.

பேனாமுனை
கமிஷன் எத்தனை சதவீதம், எதன் மேல? முன்பணம் வாங்கினீங்களா? கடன்ல வித்ததுல எவ்வளவு வசூலாச்சு? இதெல்லாம் இல்லாம எப்படிங்க பார்க்கிறது.

ரஃப்நோட்டு
சாஃப்ட்வேர்தான் காரணம், எழுதி வெச்சுக்குங்க. சரக்கு வண்டி ஏறும்போதே சேல்ஸ் இன்வாய்ஸ் போட்டிருப்பீங்க, அது ஏஜென்ட் பேர்ல உக்காந்திருக்கும். எந்த சாஃப்ட்வேர்?

ஐந்தொகை
முதலாண்டு வணிகவியல் மாணவர்கூட இதைவிடத் தெளிவாகக் கேட்பார், தம்பி. இரண்டு பாக்கித் தொகைகளை எழுதிவிட்டு "எங்கே தப்பு" என்றால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். விற்பனை அறிக்கையை வரி வரியாக இங்கே எழுதுங்கள்.

மைக்கறை
தம்பி இல்லைங்க. நாங்கதான் சரக்கு அனுப்பினவங்க, அது சொல்லாமலே தெரியும்னு நினைச்சேன். சாஃப்ட்வேர் எல்லாம் இல்ல, கைக்கணக்கும் எக்ஸெலும்தான். அவங்க அறிக்கை இன்னும் வரல, நிகர பாக்கி மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க.

500 எண்ணம் அனுப்பினோம், அடக்கம் 600 வீதம். எங்க வண்டிச் செலவு 15,000. அவங்க செலவு 13,000 (இறக்குகூலி, குடோனுக்குக் கொண்டுபோனது 5,000, குடோன் வாடகை, விளம்பரம் 8,000). வித்தது 400. ரொக்கத்துக்கு 250, 900 வீதம். கடனுக்கு 150, 960 வீதம். கடன்ல 1,32,000 வசூல். 12,000 வராதுன்னு சொல்லிட்டாங்க, அதை வாராக்கடன்ல எழுதிட்டேன். முன்பணம் 1,00,000. கமிஷன் 5%, அதுபோக கடன் விற்பனைக்கு 2%. மீதி 100 எண்ணம் இருப்பு 65,600-ன்னு எடுத்திருக்கேன்.

என் கணக்கு: 2,25,000 + 1,32,000 = 3,57,000. இதுல 13,000, 18,450, 2,880, 1,00,000 கழிச்சா 2,22,670.

இன்னொண்ணு, தர வேண்டியவங்களே தன் பாக்கியை 7,500 அதிகமா காட்டுவாங்களா? அதுதான் எனக்கு உதைக்குது.

ஐந்தொகை
நிகர பாக்கியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புவது விற்பனை அறிக்கை ஆகாது. மொத்த விற்பனை, செலவுகள் தனித்தனியாக, கமிஷன், முன்பணம், நிகரம் என்று இருந்தால்தான் அறிக்கை. அதை வாங்காமல் கணக்கு முடிக்க உட்கார்ந்ததே பிழை.

சிட்டா
அந்த 2% எதுக்கு? ஒப்பந்தத்துல அதுக்கு என்ன பேர் போட்டிருக்கு?

மைக்கறை
"டெல் கிரெடரே"ன்னு இருக்கு. கூடுதல் கமிஷன்தானேன்னு விட்டுட்டேன்.

சிட்டா
அட, இதையில்ல முதல் வரியிலயே சொல்லியிருக்கணும்! கடன்ல வாங்கினவன் கைவிரிச்சா அந்த நஷ்டத்தை ஏஜென்ட் ஏத்துக்கிறதுக்குத்தான் அந்தக் கமிஷன்.

ரெண்டு விதமா பதிவு இருக்கு. ஏஜென்ட் பொறுப்பு எடுக்கலைன்னா கடன் விற்பனைக்கு "கன்சைன்மென்ட் கடனாளிகள்" பற்று, கன்சைன்மென்ட் வரவு. வசூலானதும் ஏஜென்ட் பற்று, கடனாளிகள் வரவு. வராம போனது கன்சைன்மென்ட் கணக்குல நம்ம நஷ்டம். நீங்க போட்டிருக்கிறது அச்சு அசலா இதுதான்.

ஆனா பொறுப்புக் கமிஷனையும் கொடுத்துட்டு வாராக்கடனையும் நீங்களே சுமந்தா என்ன அர்த்தம்? பொறுப்பு எடுத்த ஏஜென்ட்னா வாங்கினவன் பேரே உங்க லெட்ஜர்ல வேண்டாம். ரொக்கம், கடன் ரெண்டும் சேர்த்து முழு 3,69,000-க்கு ஏஜென்ட் பற்று, கன்சைன்மென்ட் வரவு. அந்த 12,000-க்கு உங்க புத்தகத்துல பதிவே கிடையாது. அவங்க தன் கமிஷன் கணக்குல பற்று வெச்சு எழுதிக்குவாங்க. தன் பாக்கியை ஏன் கூடக் காட்டினாங்கன்னு கேட்டீங்களே, அதுக்கும் இதுதான் பதில்.

மைக்கறை
அப்படியே மாத்திப் பார்த்தேன். இப்ப எனக்கு 2,34,670. அவங்களைவிட 4,500 அதிகம்!! முன்ன குறைஞ்சது, இப்ப கூடுது. 😩

கூட்டிக்கழி
4,500! ஒன்பதால வகுபடுது பாருங்க, சரியா 500. வித்தியாசம் ஒன்பதால வகுபட்டா பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறியிருக்குன்னு அர்த்தம். அவங்க 2,25,000-ஐ 2,20,500-ன்னு எழுதியிருப்பாங்க. கழிச்சுப் பாருங்க, 4,500. கேஸ் முடிஞ்சது.

பேனாமுனை
பார்க்க அழகாத்தான் இருக்கு, ஆனா நிக்காது. விற்பனையை 4,500 குறைச்சு எழுதியிருந்தா அதுக்கான 5% கமிஷன் 225-ம் குறைஞ்சிருக்கும். அப்ப வித்தியாசம் 4,275-தான் வரணும். சுளையா 4,500 வருதுன்னா வேற காரணம்.

ரொக்க விற்பனை 2,25,000-க்கு 2% போட்டுப் பாருங்க.

மைக்கறை
4,500!

பேனாமுனை
அதேதான். நீங்க 2%-ஐ கடன் விற்பனை 1,44,000 மேல மட்டும் போட்டு 2,880 எடுத்தீங்க. அவங்க மொத்தம் 3,69,000 மேல போட்டு 7,380 எடுத்திருக்காங்க. முதல்ல வந்த 7,500-ல இந்த 4,500-ம் அந்த 12,000-ம் எதிரெதிரா ஒளிஞ்சிருந்துச்சு.

ஆனா என்னைக் கேட்டா அவங்க செஞ்சது நியாயமில்ல. ரொக்கத்துக்கு வித்ததுல பணம் வராம போக வழியே இல்ல. இல்லாத ஆபத்துக்கு எதுக்குப் பொறுப்புக் கமிஷன்? விடாதீங்க, 4,500-ஐத் திருப்பிக் கேளுங்க.

ஐந்தொகை
நியாயம் பேசுமிடம் இதுவல்ல. ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாதவரை பொறுப்புக் கமிஷன் ரொக்கம், கடன் இரண்டும் சேர்ந்த மொத்த விற்பனையின் மீதுதான் கணக்கிடப்படும். எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் இதுவே இருக்கும். பேனாமுனை புதிதாகச் சட்டம் இயற்ற வேண்டாம்.

பேனாமுனை
பாடப்புத்தகம் தேர்வுக்கு. இங்க ரெண்டு பேர் கையெழுத்துப் போட்ட தாள் ஒண்ணு இருக்கு. அதுல "கடன் விற்பனை மீது"ன்னு இருந்தா உங்க புத்தகம் என்ன செய்யும்? மைக்கறையும் மேல "கடன் விற்பனைக்கு 2%"ன்னுதானே எழுதியிருக்காங்க.

ஐந்தொகை
அவர் அப்படி எழுதியது ஒப்பந்தத்தைப் படித்தா, தானே ஊகித்தா? அதைக் கேளுங்கள் முதலில்.

குடோன்சாவி
ஏஜென்ட் பக்கத்துலேர்ந்து ஒரு குரல். நான் சரக்கு வாங்கி வித்துக் கொடுக்கிறவன். இந்தக் கணக்கையே எடுத்துக்குங்க. 7,380 வாங்கிட்டு 12,000 கைவிட்டுப் போனா ஏஜென்ட்டுக்கு 4,620 நஷ்டம். வெறும் 2,880-ன்னா 9,120 நஷ்டம். கடன் விற்பனை மேல மட்டும்தான் கொடுப்பேன்னா நாங்க 2%-க்கு ஒத்துக்க மாட்டோம், விகிதத்தை ஏத்திக் கேட்போம். விகிதமும் எதன் மேலங்கிறதும் சேர்ந்துதான் பேரம். நியாயம் அநியாயம்னு எதுவும் இல்ல இதுல.

அப்புறம் முக்கியமான கேள்வி யாருமே கேக்கல. அந்த 12,000 ஏன் வரல? வாங்கினவன் நொடிச்சுப் போயிட்டானா, இல்ல "சரக்கு சரியில்ல"ன்னு பிடிச்சு வெச்சுக்கிட்டானா? நொடிச்சதுன்னா ஏஜென்ட் பொறுப்பு. சரக்குல குறைன்னு தகராறுன்னா அது அனுப்பினவங்க தலையிலதான் விடியும், டெல் கிரெடரே அதை மூடாது. நான் இதை எல்லா ஒப்பந்தத்துலயும் தனி வரியா எழுதி வாங்கிடுவேன்.

சிட்டா
அருமை. ஆனா ஏஜென்ட்டே அந்த 12,000-ஐ தன் பாக்கியில சேர்த்துத்தான் 2,30,170 காட்டியிருக்காங்க. அப்ப அவங்க பொறுப்பை ஒத்துக்கிட்டாங்கன்னுதானே படுது.

குடோன்சாவி
இன்னிக்கு ஒத்துக்கிட்டாங்க. விவர அறிக்கை வரட்டும், பார்ப்போம்.

ஐந்தொகை
இன்னொரு பிழையை யாரும் கவனிக்கவில்லை. இருப்பு 65,600 தவறு. அடக்கம் 60,000, அனுப்பியவர் செலவு 15,000-ல் ஐந்தில் ஒரு பங்கு 3,000, சரக்கு குடோன் வந்து சேரும்வரை ஏஜென்ட் செய்த 5,000-ல் ஐந்தில் ஒரு பங்கு 1,000. ஆக 64,000. வாடகை, விளம்பரம் இரண்டும் இருப்பில் ஏறாது.

ரஃப்நோட்டு
விளம்பரம் சரி. வாடகை ஏன் ஏறாது? அந்த 100 எண்ணமும் குடோன்லதானே கிடக்கு? கிடக்கிறதுக்குத்தானே வாடகை?

ஐந்தொகை
கிடப்பதால் சரக்கின் மதிப்பு கூடுவதில்லை. மாதம் ஆக ஆக வாடகையைச் சேர்த்துக்கொண்டே போனால் விற்காத சரக்குக்குத்தான் மதிப்பு அதிகம் என்றாகும்.

சிட்டா
சரக்கிருப்புக்கான சர்வதேசக் கணக்கியல் தரம் ஐஏஎஸ் 2, அதோட 16-ம் பத்தியும் இதைத்தான் சொல்லுது ரஃப்நோட்டு. சேமிப்புச் செலவு இருப்பு அடக்கத்துல வராது. தயாரிப்புல அடுத்த கட்டத்துக்கு முன்னாடி வெச்சே ஆகணும்னா மட்டும் விதிவிலக்கு. விற்பனைச் செலவும் கிடையாது.

ரஃப்நோட்டு
சரி விடுங்க. ஆனா அனுப்பும்போதே இன்வாய்ஸ் போட்டுட்டா இந்தப் பாதித் தலைவலி இல்ல. அனுப்பினது விற்பனை, திரும்பி வந்தா சேல்ஸ் ரிட்டர்ன். நான் அப்படித்தான் வெச்சிருக்கேன், சாஃப்ட்வேர்ல ஒரு பட்டன்.

ஐந்தொகை
இன்னும் விற்காத 100 எண்ணத்துக்கு லாபம் எழுதிக்கொள்ளும் பட்டன்! வருவாயை எப்போது எழுதலாம் என்று சொல்லும் சர்வதேசத் தரமான ஐஎஃப்ஆர்எஸ் 15 நடைமுறைக்கு வந்தது 2018 ஜனவரி 1. பி77, பி78 பத்திகளைப் படியுங்கள். சரக்கின் கட்டுப்பாடு ஏஜென்ட் கைக்குப் போகாதவரை அனுப்பியதற்காக வருவாய் எழுதக் கூடாது. வாடிக்கையாளருக்கு விற்கும்வரை சரக்கு அனுப்பியவர் கட்டுப்பாட்டில் இருப்பது, திருப்பிக் கேட்கும் உரிமை இருப்பது, ஏஜென்ட்டுக்கு நிபந்தனையில்லாமல் பணம் தரும் கடமை இல்லாதது, இவையெல்லாம் கன்சைன்மென்ட்டுக்கு அடையாளம்.

ரஃப்நோட்டு
அதுலயே ஏஜென்ட் டெபாசிட் கட்டினா என்னன்னும் இருக்குல்ல? மைக்கறை 1,00,000 வாங்கியிருக்காங்களே.

சிட்டா
டெபாசிட் வாங்கியிருந்தாலும் கன்சைன்மென்ட்தான்னு அங்கயே அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்கும். முன்பணம் ஏஜென்ட் கணக்குல வரவு, அவ்வளவுதான். விற்பனையோட கலக்க வேண்டாம்.

ரஃப்நோட்டு
உங்களுக்கெல்லாம் பத்தி நம்பர் தெரியும், எனக்கு வேலை முடியும். 🙂

ஐந்தொகை
தணிக்கை வரும்வரை முடியும்.

கூட்டிக்கழி
ஒன்பதால வகுபடுற விதி தப்புன்னு யாரும் முடிவு கட்டிடாதீங்க. இங்க தற்செயலா பொருந்திப்போச்சு, அவ்வளவுதான். விதி விதிதான்.

பேனாமுனை
விதியை யாரும் குறை சொல்லல அண்ணா. 4,500 ஒன்பதால வகுபடும், 2%-க்கும் சரியா வரும். எது காரணம்னு கமிஷனை வெச்சுத்தான் பிரிச்சோம்.

மைக்கறை
ஒப்பந்தம் எடுத்துப் பார்த்தேன். "மொத்த விற்பனை மீது 2%"ன்னுதான் இருக்கு. 7,380 போட்டதும் பாக்கி 2,30,170, சரியா நிக்குது. இருப்பு 64,000 ஆக்கிட்டேன், லாபம் 79,170. எல்லாருக்கும் நன்றி, ஓடுறேன்.

ஐந்தொகை
நான் சொன்னதுதான்.

பேனாமுனை
நீங்க சொன்னது "எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும்". அவங்க திறந்தது ஒப்பந்தத்தை.

குடோன்சாவி
மைக்கறை, அந்த 12,000 எதனால வரலைன்னு கேட்டீங்களா? சரக்குல குறைன்னு சொல்லியிருந்தா கணக்கை மூடுறதுக்கு முன்னாடி எழுத்துல ஒரு பதில் வாங்கிடுங்க. இல்லைன்னா அடுத்த மாச அறிக்கையில கழிச்சு அனுப்பிடுவாங்க.

நீலத்தாள்
எனக்கும் இதே மாதிரி. ஆனா நாங்க ஏஜென்ட் பக்கம். அனுப்பினவங்க அடக்க விலை சொல்லாம 25% ஏத்தின விலையிலதான் பில் அனுப்பியிருக்காங்க. எங்க ஸ்டாக்ல எந்த விலைக்கு ஏத்தணும்?

சிட்டா
உங்க ஸ்டாக்ல ஏத்தவே கூடாது, சரக்கு உங்களுது இல்ல. எண்ணிக்கையை மட்டும் தனி ரிஜிஸ்டர்ல குறிச்சு வைங்க. அந்த 25%-ஐ எடுத்துச் சரிகட்டுறது அவங்க புத்தக வேலை. மீதிக்குத் தனி இழை போடுங்க. போடும்போது கமிஷன் விவரத்தையும் சேர்த்துப் போடுங்க.

குடோன்சாவி
மைக்கறை?