மேற்குச் சுவரில் சிம்னி குழாய் விடலாமா?

கொழிஞ்சாம்பாறையில் வீட்டைப் புதுப்பிக்கிறோம். அடுப்புக்கு மேல் சிம்னி வைக்க வேண்டும். மூன்று பர்னர், 75 செ.மீ. அகல அடுப்பு; அதனால் 90 செ.மீ. சிம்னிதான் சரி என்று நினைக்கிறேன்.

குழப்பம் குழாயில்தான். அடுக்களைக்கு வெளிச்சுவர் மேற்கே மட்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக அங்கேதான் வந்து மோதும். இப்போதுள்ள எக்ஸாஸ்ட் ஃபேன் வழியே புகை உள்ளேயே திரும்பிவிடுகிறது. மீன் வறுத்தாலே அம்மாவுக்கு இருமல், பார்க்கப் பொறுக்கவில்லை.

6 அங்குலக் குழாயைக் கூரைக்கு மேல் கொண்டுபோனால் இரண்டு வளைவு வரும், இழுவை குறையும். மேற்கிலேயே விட்டு, காற்று திரும்பாத மூடி போட்டால் போதுமா? குழாய் இல்லாமல், புகையை வடிகட்டி உள்ளேயே விடும் கரி ஃபில்டர் வகை வேண்டாம், அது சூட்டையும் ஈரத்தையும் வெளியேற்றாது.

அப்புறம், தினசரி தேங்காய் எண்ணெய்த் தாளிப்புக்கு பேஃபிள் ஃபில்டர் (எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும் வளைந்த உலோகத் தகடுகள்) நல்லதா, ஃபில்டர் இல்லாததா? இந்தப் பக்கம் பொருத்தியவர்கள் சொல்லுங்கள்.