லாங் கோவிட் வீட்டுப் பயிற்சி: பலன் உண்டா என்று எப்படி அளப்பது?

கேள்வி:
வணக்கம். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து மீனவ ஊர்களில் கொரோனா வந்துபோன பிறகும் அசதி, மூச்சிரைப்பு, மறதி விடாத 38 பேருக்கு 12 வாரம் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கத் திட்டம். மார்ச் நடுவில் தொடக்கம், ஜூன் முதல் வாரம் முடிவு. 6 நிமிட நடைத் தூரத்தை முன்னும் பின்னும் எடுத்தால் போதுமா?

மறுமொழி 1:
போதாது. முதலில் தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடைசி அளவை எடுக்கும்போது பாதிப் பேர் ஏழு வாரமாகக் கடலுக்கே போயிருக்க மாட்டார்கள். ஓய்வில் தேறியதைப் பயிற்சியின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லை, அவர்களைத் தனியாகக் குறியுங்கள். முடிந்தால் சீட்டுக் குலுக்கி 19 பேருக்கு முதலில், மீதி 19 பேருக்கு 12 வாரம் கழித்து என்று கொடுங்கள். காத்திருப்பவர்களையும் அதே நாட்களில் அளக்க வேண்டும். தானாகவே தேறுகிறவர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் தெரியும்.

நடைச் சோதனைக்கு 30 மீட்டர் சமதரை வேண்டும். மணலில் வேண்டாம். ஒரே இடம், ஒரே நேரம், வெயில் ஏறுமுன். இரண்டாம் முறை நடக்கும்போது பழக்கத்திலேயே தூரம் கூடும். அதனால் தொடக்கத்தில் அரை மணி இடைவெளி விட்டு இரு முறை நடக்கவிட்டுப் பெரிய எண்ணை எடுங்கள். சுமார் 30 மீட்டராவது கூடாவிட்டால் முன்னேற்றம் என்று எழுதாதீர்கள்.

மறுமொழி 2:
அந்த இரு முறை நடை எல்லோருக்கும் ஆகாது. சிலருக்கு உழைத்த அன்று ஒன்றும் தெரியாது, மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழுந்திருக்க முடியாமல் போகும். நடக்கவிடும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். நடந்தவர்களுக்கு 24 மணி, 48 மணி கழித்துப் போன் போடுங்கள். இப்படிச் சாய்கிறவர்களுக்கு வாரா வாரம் பயிற்சியைக் கூட்டுவது கெடுதல். வேலையைப் பிரித்து, அசதி வருமுன் உட்காரப் பழக்குவதுதான் அவர்களுக்குச் சிகிச்சை. மாதத்தில் எத்தனை நாள் சாய்ந்தார்கள் என்பதே அவர்களுக்கு அளவு, தூரம் அல்ல.

நின்றால் படபடப்பு என்பவர்களைப் படுக்கவைத்து நாடி பார்த்து, பிறகு சுவரில் சாய்த்து 10 நிமிடம் நிறுத்திப் பாருங்கள். நாடி நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடி, இறங்காமலே நின்றால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். ஐஸில் மீன் அள்ளிய கை சில்லிட்டிருந்தால் ஆக்ஸிமீட்டர் தப்பாகக் காட்டும். கையைச் சூடாக்கிவிட்டுப் போடுங்கள். நகப்பூச்சு போட்ட விரல் வேண்டாம்.

மறுமொழி 3:
பட்டியலையே ஒருமுறை சலியுங்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்கில், தொற்று வந்து 3 மாதம் ஆன பிறகும் தொல்லை இருந்து, அது 2 மாதமாவது நீடித்து, வேறு காரணம் இல்லாமல் இருந்தால்தான் லாங் கோவிட். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, சளி இருந்தால் காசநோய்ப் பரிசோதனை எல்லாம் முதலிலேயே முடியட்டும். ரத்தசோகைக்காரருக்கு இரும்பு மாத்திரை தந்த தெம்பு பயிற்சியின் பலனாகிவிடும்.

"மாடி ஏற முடியுதா" என்ற கேள்வி ஓலைவீட்டில் எதற்கு? ஒரே நடையில் எத்தனை குடம் தண்ணீர், கடலில் ஒரு முங்குக்குப் பிறகு எவ்வளவு நேரம் மிதந்து மூச்சு வாங்கினால் அடுத்த முங்கு, இப்படிக் கேளுங்கள். முங்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்கள் சரியாகச் சொல்வார்கள். "வீட்டு வேலை செய்றீங்களா" என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். எதை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டால்தான் வரும்.

நடுவில் நின்றவர்களை விட்டுவிட்டுச் சராசரி போடாதீர்கள். உடம்பு மோசமானவர்கள்தான் பெரும்பாலும் நிற்பார்கள். வீடு தேடிப்போய்க் காரணம் எழுதுங்கள்.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் முதல் 19 பேருக்கு ஜூலையில் தொடங்கலாமா?

மறுமொழி 1:
தொடங்கலாம். படகுகள் கடலுக்குத் திரும்பியிருக்கும், வழக்கமான உழைப்பில் அளவு கிடைக்கும். செப்டம்பர் கடைசியில், மழைக்கு முன் முடியும். இரண்டாவது குழுவுக்குப் பயிற்சி மழைக்காலத்தில் விழும். அவர்கள் கடலுக்குப் போன நாட்களை வாரம்தோறும் குறித்துக்கொண்டே வாருங்கள்.