செல் இல்லாத வட்டும் சிவக்கிறது, எப்படிப் பிரிப்பது?

சென்னையில் முதுகலை ஆய்வு. ஞானப்பல்லின் கூழிலிருந்து (பல்லுக்குள் இருக்கும் மென்திசு) எடுத்த ஸ்டெம் செல்களை டிரைகால்சியம் சிலிகேட் (பல் சிகிச்சையில் பயன்படும் சிமென்ட்) வட்டுகள்மேல் வளர்க்கிறேன். 21ஆம் நாள், கால்சியத்தைச் சிவப்பாகக் காட்டும் அலிசரின் ரெட் சாயம் போட்டால், செல்லே போடாத வட்டும் அதே அளவு சிவக்கிறது. வட்டிலுள்ள கால்சியமே சாயத்தைப் பிடித்துக்கொள்கிறது. செல்கள் கனிமம் படியவைத்தனவா என்று சொல்ல முடியவில்லை.

வெறும் வட்டின் அளவைக் கழித்துப் பார்த்தேன். அந்த அளவு வட்டுக்கு வட்டு மாறுகிறது. சாயத்தைச் சீட்டைல்பிரிடினியம் குளோரைடில் கரைத்து 562 நானோமீட்டரில் அளந்தாலும் அதே கதைதான். காரத்தன்மை செல்களைக் கொல்லாதிருக்க வட்டுகளை முன்பே மீடியத்தில் (செல் வளர்க்கும் திரவம்) ஊறவைக்கிறேன். பாஸ்பேட்டைக் காட்டும் வான் கோஸா சாயமும் உதவாது, மீடியத்திலுள்ள பாஸ்பேட்டே வட்டின்மேல் அபடைட்டாக (கால்சியம் பாஸ்பேட் கனிமம்) படிகிறதே! செல்கள் பல்திசு (டென்டின்) உருவாக்கும் செல்களாக மாறுவதன் அடையாளமான டிஎஸ்பிபி மரபணுவின் வெளிப்பாடு கூடுகிறது. அது மட்டும் போதாது என்கிறார் வழிகாட்டி.

வட்டு ஊறிய மீடியத்தை மட்டும் கொடுத்து, செல்களைச் சாதாரண பிளாஸ்டிக் தட்டில் வளர்த்துச் சாயமிட்டால், ஆய்விதழ் மதிப்பீட்டாளர்கள் ஏற்பார்களா?