அடிவயிற்று இடுக்கில் வரும் ஹெர்னியாவுக்கு (குடலிறக்கம்) மெஷ் (தாங்கு வலை) வைத்தவர்கள், வைக்காதவர்கள்: உங்கள் அனுபவம்?

மாடிப்படி:
வலது பக்கம், ஓப்பன் ஆபரேஷன், மெஷ். புடைப்பு போனது போனதுதான், திரும்ப வரவில்லை. ஆனால் காரிலிருந்து இறங்க ஒரு காலை வெளியே வைத்தேன் பாருங்கள், இடுக்கில் சுரீர் என்று ஒரு இழுப்பு. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். தொடையின் உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துக் கிடக்கிறது. துணி உரசினால் தெரியாது, அழுத்தினால் எரியும். "போகப் போகச் சரியாயிடும்" என்றார்கள். மூன்று மாதம் தாண்டினால் அது நாள்பட்ட வலிக் கணக்கு. இப்படியும் ஆகலாம் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

தாழ்வாரம்:
எனக்கு மெஷ் இல்லை, ஷோல்டைஸ், அதாவது நம் திசுவையே அடுக்கடுக்காகத் தைக்கும் முறை. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்ததால் எல்லாம் காதில் விழுந்தது. நடுவில் டாக்டர், "இப்ப நல்லா இருமுங்க" என்றார். இருமினேன். உள்ளே தையல் இழுபடுவது தெரிந்தது, வலி இல்லை. "ம், தாங்குது" என்றார். அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது. கொஞ்ச நாள் கூனித்தான் நடந்தேன், இப்போது ஒரு தொந்தரவும் இல்லை. மெஷ் வேண்டவே வேண்டாம் சார்.

ஈரமண்:
தாழ்வாரம், அப்படி ஒரேயடியாகச் சொல்லாதீங்க. அப்பாவுக்கு மெஷ் இல்லாமல் பழைய பாசினி முறையில் தைத்தார்கள். சில வருஷம் கழித்து, குளித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "இங்க தொட்டுப் பாருடா" என்றார். அதே இடத்தில் அதே உருண்டை. பிறகு லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழி ஆபரேஷன்) மெஷ் வைத்தோம். நரம்பு தையலில் மாட்டினாலும் வலி வரும், மெஷ்ஷை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பின்படி, வெறும் தையலோடு ஒப்பிட்டால் 46 பேருக்கு மெஷ் வைத்தால் ஒருவருக்கு ஹெர்னியா திரும்ப வருவது தவிர்க்கப்படுகிறது. எங்களுக்கு அந்த ஒருவர் அப்பா.

வெயில்காலம்:
எனக்கு இரண்டு பக்கமும் லேப்ராஸ்கோப்பி மெஷ், நலம். இனிமேல் செய்யப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். எந்த முறை உசத்தி என்று கேட்பதை விட, உங்கள் சர்ஜன் எதை அடிக்கடி செய்கிறார் என்று கேளுங்கள். ஷோல்டைஸ் கை பழகாமல் வராது. ஆபரேஷன் செய்யும் இடத்தில் மூன்று நரம்புகள் ஓடுகின்றன, அவற்றை அடையாளம் கண்டு காப்பாற்றுவாரா என்று கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே வலி அதிகம் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அப்படிப்பட்டவர்களுக்குப் பின்னாலும் வலி நிற்க வாய்ப்பு அதிகம். பெண்களுக்கு என்றால் தொடை ஹெர்னியாவும் (இடுக்குக்குச் சற்றுக் கீழே வருவது) ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தொந்தரவே இல்லாத ஆண்கள் டாக்டர் கண்காணிப்பில் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் உருண்டை உள்ளே போகாமல் கல்லாகி, வலியும் வாந்தியும் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே ஓடுங்கள். வைத்த மெஷ் என்ன வகை என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள்.

தாழ்வாரம்:
ஈரமண், அந்த 46 கணக்கு எல்லாத் தையல் முறைகளையும் ஒன்றாகப் போட்டு எடுத்தது. பாசினியும் ஷோல்டைஸும் ஒன்றில்லை. அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?